ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு

கடல் வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூவரைப் பற்றியே எழுதினர். கப்பலைக் கட்டியவர் ஒருவர். அதைச் செலுத்திய தலைவர் ஒருவர். அதில் சரக்கேற்றிப் பொருளீட்டிய வணிகர் ஒருவர். நான்காமவர் ஒருவரும் உண்டு. இரவென்றும் பகலென்றும் பாராது பாய்மரத்தின்மீதேறி, ஒரு கயிற்றின்மேல் கால் ஊன்றி நின்று, பாயை விரித்தும் சுருட்டியும் கப்பலை ஓடச் செய்தவர் அவர். அவருடைய பெயரை ஏடுகள் பேணவில்லை. அவருடைய தொழிலைப் பற்றிச் சில செய்திகளை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றால் ஓடிய கப்பல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் காற்று தானே வந்து பாயை அவிழ்ப்பதில்லை. புயல் எழும்போது அதைச் சுருட்டி வைப்பதுமில்லை. அவ்விரண்டையும் செய்தவை மனிதக் கைகளே. அக்கைகளுக்கு ஆங்கில மாலுமிகளிடையே ஒரு விதி வழங்கிற்று. 'ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு' என்பதே அது. ஒரு கையால் வேலை செய். மற்றொரு கையால் உன் உயிரைப் பற்றிக்கொள் என்பது அதன் பொருள். இவ்விதி எத்துணை நல்லது என்பதையும், அது நடைமுறையில் என்னவாயிற்று என்பதையும் இனிக் காண்போம்.

மரமும் கயிறும்

எடுத்துக்காட்டாக ஒரு கப்பலைக் கொள்வோம். 'கட்டி சார்க்' என்பது ஸ்காத்லாந்தில் டம்பார்ட்டன் என்னும் ஊரில் கட்டப்பட்டு, 1869 நவம்பர் 22-இல் நீரில் இறக்கப்பட்ட தேயிலைக் கப்பல். மூன்று பாய்மரங்கள் உடையது. நடுமரத்தின் உச்சி தளத்திலிருந்து ஏறத்தாழ 150 அடி உயரம். நகரங்களில் இன்று நாம் காணும் பதினான்கு, பதினைந்து மாடிக் கட்டடங்களின் உயரம் அது. ஒவ்வொரு மரத்திலும் குறுக்குமரங்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. நடுமரத்தின் அடிக் குறுக்குமரம் மட்டுமே 78 அடி நீளம். அக்குறுக்குமரங்களிலிருந்துதான் சதுரப் பாய்கள் தொங்கின. எல்லாப் பாய்களையும் விரித்தால் அவற்றின் பரப்பு 32,000 சதுர அடி. அஃதாவது ஏறக்குறைய முக்கால் ஏக்கர். இவற்றை இழுக்கவும் தாங்கவும் ஓடிய கயிறுகளை ஒன்றாக நீட்டினால் 11 மைல் செல்லும் என்பர்.

இவ்வளவையும் ஆண்டவர் எத்தனை பேர்? ஏறத்தாழ முப்பது பேரே. அவர்களும் இரு குழுக்களாகப் பிரிந்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறிக் காவல் நின்றனர். ஆகவே எந்த வேளையிலும் வேலைக்கு நின்றவர் பாதிப் பேர்தாம். புயல் பெருத்தால் உறங்குவோரையும் எழுப்பி அனைவரையும் மேலேற்றுவர்.

போர்க்கப்பல்களில் நிலை வேறு. 1805-இல் திரபால்கர் போரில் நெல்சன் இருந்த 'விக்டரி' கப்பலில் ஏறத்தாழ 820 பேர் இருந்தனர். பீரங்கிகளை இயக்க அத்தனை பேர் தேவைப்பட்டதால் பாய்களுக்கும் ஆள் பஞ்சமில்லை. அவர்களுள் இளமையும் சுறுசுறுப்பும் மிக்கோரையே மரமேறும் பணிக்குத் தேர்ந்தெடுத்தனர். வணிகக் கப்பலிலோ ஆளுக்குச் சம்பளமும் சோறும் வேண்டும். ஆள் குறையக் குறைய முதலாளிக்கு ஆதாயம். ஆகையால் போர்க்கப்பலில் பலர் கூடிச் செய்த வேலையை வணிகக் கப்பலில் சிலரே செய்தனர். அந்தப் பளு வேலை செய்பவருடைய இரண்டாம் கையின்மேல், அவர் தம்மைப் பற்றிக்கொள்ள வேண்டிய கையின்மேல், வந்து விழுந்தது.

ஏறும் வழி

பாய்மரத்தை இருபுறமும் பிடித்து நிறுத்தும் தடித்த கயிறுகளுக்குக் குறுக்கே மெல்லிய கயிறுகளைக் கட்டிப் படிகள் அமைத்திருந்தனர். கற்றுக்குட்டிக்கு முதலிற் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. காலைப் படியில் வை; கையை மட்டும் படியில் வையாதே. குறுக்குப்படி இற்றுப் போகலாம். செங்குத்துக் கயிறு எளிதில் அறாது. காற்று வீசும் பக்கத்தாலேயே ஏற வேண்டும் என்பது இரண்டாம் பாடம். அப்பக்கத்தில் ஏறுபவனைக் காற்றே கயிற்றோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கத்தில் ஏறினால் அதே காற்று அவனைக் கடலை நோக்கித் தள்ளும்.

மரத்தின் முதற் பகுதி முடியும் இடத்தில் ஒரு பரண் உண்டு. அதன் விளிம்பை அடையக் கயிறுகள் வெளிப்புறமாகச் சாய்ந்து செல்லும். அங்கே ஏறுபவன் முதுகு கடலை நோக்க, அண்ணாந்து தொங்கியபடி சில அடி ஏற வேண்டும். அஞ்சுவோர் நுழைவதற்கென்று மரத்தை ஒட்டிப் பரணில் ஒரு துளையும் இருந்தது. ஆனால் அதன் வழியே சென்றவனைத் தோழர்கள் நெடுநாள் எள்ளி நகையாடுவர். எனவே உயிருக்கு அஞ்சியவனும் நகைப்புக்கு அஞ்சி வெளிவழியே ஏறினான். போர்க்காலத்தில் இப்பரணே துப்பாக்கி வீரர்க்கு நிலையாயிற்று. நெல்சனை வீழ்த்திய குண்டும் பிரெஞ்சுக் கப்பலின் பின்மரத்துப் பரணிலிருந்தே வந்தது.

பரணுக்கு மேல் குறுக்குமரங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கயிறு தொங்கும். அதை மிதிகயிறு எனலாம். மாலுமிகள் அதன்மேல் பக்கவாட்டில் நடந்து, வயிற்றைக் குறுக்குமரத்தின்மேல் சாய்த்துக் குனிந்து, இரு கைகளாலும் பாயைப் பிடித்து இழுத்தனர். ஒருவன் கயிற்றில் கால் வைத்தவுடன் அதன் மறுபகுதி மேலெழும்பும். ஆதலால் கால் வைக்குமுன் அருகிலிருப்போர்க்குக் குரல் கொடுப்பது வழக்கம். ஒருவனுடைய கவனக்குறைவு மற்றொருவனைத் தூக்கி எறிந்துவிடும்.

யார் எங்கே நிற்பது என்பதற்கும் முறை உண்டு. பாயைக் குறுக்கும்போது காற்றுப் பக்கத்துக் கோடி முனைதான் கடினமான இடம். தேர்ந்த மாலுமி அங்கே சென்று அமர்வான். பாயைச் சுருட்டும்போதோ கனம் மிகுந்த பகுதி நடுவில் சேரும். வலிமையுடையோர் நடுவில் நிற்பர். ஆங்கிலக் கப்பல்களில் அந்த நடுப்பகுதியை ஒரே மூச்சில் குறுக்குமரத்தின்மேல் தூக்கிப் போடுவதற்கென்றே ஒரு தனிப் பாட்டு இருந்தது. எல்லாவற்றுக்கும் உச்சியில் உள்ள சிறு பாய்களைச் சுருட்டச் சென்றவர் யார் தெரியுமா? கப்பலிலேயே இளையவர்களான சிறுவர்கள். எடை குறைந்தவர்கள் என்பது காரணம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் அத்துணை உயரத்தில் இருளில் தனியே நின்று வேலை செய்ததை எண்ணினால், பிள்ளைகளைப் பெற்ற நம் உள்ளம் நடுங்காமல் இருக்குமா?

தென்கோடியில்

இத்தொழிலின் கொடுமை முழுவதையும் காண வேண்டுமாயின் தென் அமெரிக்காவின் தென்கோடியாகிய ஹார்ன் முனைக்குச் செல்ல வேண்டும். நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 56 பாகையில் உள்ளது அம்முனை. அங்கே மேல்காற்று தடையின்றி உலகைச் சுற்றி வீசுகிறது. ஐரோப்பாவிலிருந்து பசிபிக் கடலுக்குச் சென்ற கப்பல்கள் அக்காற்றை எதிர்த்து, முன்னேறியும் பின்வாங்கியும், சில வேளைகளில் வாரக்கணக்காகப் போராடின.

அக்குளிரில் நனைந்த பாய் உறைந்து தகரம்போல் விறைத்துவிடும். மடிக்க வேண்டிய துணி மடியாது. பிடிக்க மடிப்பு இராது. விரல்களால் குத்தியும் நகங்களால் பறித்தும் அதைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நகங்கள் பிய்ந்து குருதி வடியும். கையுறை அணிந்தால் பிடி வழுக்கும் என்று பெரும்பாலோர் வெறுங்கையுடனேயே சென்றனர். கப்பல் ஒருபுறம் சாயுந்தோறும் மரத்தின் உச்சி பெரியதொரு வளைவாக வானில் சுழன்று மறுபுறம் செல்லும். இடுப்பில் கட்டிக்கொள்ள வார் இல்லை; கீழே வலை இல்லை.

'ஒரு கை உனக்கு' என்ற விதி இங்கேதான் பொய்த்தது. விறைத்த பாயை ஒரு கையால் அடக்க எவராலும் இயலாது. இரு கைகளையும் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு, வயிற்றாலும் முழங்காலாலும் மட்டுமே தம்மைப் பிடித்துக்கொண்டனர் அம்மாலுமிகள். காற்று திடீரென்று பாயை உப்பச் செய்தால் அது குறுக்குமரத்தின்மேல் எழுந்து ஆளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். தளத்தில் விழுந்தவர்க்குப் பிழைப்பு அரிது. கடலில் விழுந்தவர்க்கோ, அவ்வலையில் படகு இறக்கவும் இயலாது.

ஏட்டில் நின்ற ஒரு பெயர்

இவ்வாறு மாண்டோர் எண்ணற்றவர். அவர்களுள் ஒருவருடைய பெயர் மட்டும் ஒரு நூலின் வாயிலாக நமக்குக் கிடைத்துள்ளது. ஹார்வர்டு கல்லூரி மாணவரான ரிச்சர்டு ஹென்றி டேனா என்பவர் கண்ணோய் காரணமாகப் படிப்பை இடையே விட்டு, 1834 ஆகஸ்டில் பாஸ்டன் துறையிலிருந்து 'பில்கிரிம்' என்னும் சிறு கப்பலில் சாதாரண மாலுமியாகப் புறப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் ஒரு நாள், ஜார்ஜ் பால்மர் என்னும் இளம் ஆங்கில மாலுமி நடுமரத்தின்மேல் ஒரு கப்பியைக் கட்டுவதற்காகக் கயிற்றுச் சுருளையும் கருவிகளையும் சுமந்துகொண்டு ஏறினார். வெளிப்புறமாகச் சாய்ந்த கயிறுகளில் பிடி தவறிக் கடலில் விழுந்தார். நீந்தத் தெரியாதவர், கழுத்தைச் சுற்றிப் பாரம் வேறு. படகை இறக்கித் தேடினர், பயனில்லை.

அதன் பின் நடந்ததையும் டேனா எழுதியுள்ளார். இறந்தவருடைய உடைமைகளைத் தளத்தில் வைத்து ஏலம் போட்டனர். சட்டையையும் போர்வையையும் தோழர்களே எடுத்துக்கொண்டனர். எனினும் வேறு வழியின்றித் தவித்தாலன்றி அந்தப் பயணம் முடியும்வரை இறந்தவர் உடையை அணிய மாலுமிகள் மனம் ஒப்புவதில்லை என்கிறார் அவர்.

டேனா ஊர் திரும்பி வழக்கறிஞரானார். 1840-இல் தம் கடல் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு மாலுமிகளின் உரிமைகளையும் கடமைகளையும் விளக்கும் நூல் ஒன்றையும் எழுதினார். கற்றவர் ஒருவர் அந்தக் கயிற்றில் நின்றிருந்தமையால்தான் ஜார்ஜ் பால்மரின் பெயர் நின்றது. எழுதுவோர் இல்லாத கப்பல்களில் விழுந்தவர் எத்தனை பேரோ!

நம் நாட்டவர் கைகள்

எழுதுவோர் இல்லாதவருள் முதலிடம் நம் நாட்டு மாலுமிகளுக்கே உரியது. 'லஸ்கர்' என்னும் பொதுப் பெயரால் அழைக்கப்பட்ட இவர்களுள் பெரும்பாலோர் வங்கம், குசராத்து, கொங்கணம், மலையாளம் ஆகிய கரைகளைச் சேர்ந்தவர்கள். கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்கள் ஐரோப்பிய மாலுமிகளுடன் இந்தியா வந்து சேரும். நோயால் சிலர் இறப்பர், சிலர் ஓடிவிடுவர், போர்க்காலமாயின் கடற்படையினர் சிலரைப் பிடித்துக்கொண்டு போவர். திரும்பும் பயணத்துக்கு ஆள் வேண்டுமே! அவ்விடத்தை நிரப்பியவர்கள் நம்மவர்கள். மிகக் குறைந்த கூலிக்கு அதே மரங்களில் ஏறினர். அதே பாய்களைச் சுருட்டினர்.

அவர்களுக்கென்று ஒரு கலப்பு மொழியே தோன்றிற்று. இந்துஸ்தானி, போர்த்துக்கீசியம், அரபு, ஆங்கிலம் எல்லாம் அதில் விரவி வந்தன. முன்மரத்துக்குத் 'திரிகட்' என்றும், மேற்பாய்க்குக் 'காவி' என்றும் வழங்கினர். இரண்டும் போர்த்துக்கீசிய வழி வந்தவை. தாமஸ் ரோபக் என்னும் படை அதிகாரி இச்சொற்களையும் கட்டளைகளையும் திரட்டி 1811-இல் கல்கத்தாவில் ஓர் அகராதியாக வெளியிட்டார். கட்டளை புரியாவிடில் கப்பல் கவிழும். ஆகவே வெள்ளை அதிகாரிகள் லஸ்கர்களின் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. லஸ்கர் குழுவின் தலைவர் சாரங்கு. அவருக்கு அடுத்தவர் தண்டல். இந்தத் தண்டல் என்னும் சொல் தென்னாட்டுக் கரைகளுக்கு உரியது. தூத்துக்குடித் தோணிகளின் தலைவருக்கும் இப்பெயரே வழங்கி வந்தது.

தொழிலில் சமமாக இருந்தவர்கள் சட்டத்தில் சமமாக இல்லை. இங்கிலாந்தின் கப்பல்களில் முக்கால் பங்கினர் அந்நாட்டு மாலுமிகளாக இருத்தல் வேண்டும் என்று 1660-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. போர்க்காலங்களில் அதைத் தளர்த்தி லஸ்கர்களை ஏற்றினர்; இலண்டன் சேர்ந்ததும் வேலையின்றி விட்டனர். 1780-களில் பலர் அந்நகரத் தெருக்களில் குளிரிலும் பசியிலும் வாடினர். அவர்கள் நிலை கண்டு இரங்கியவர்களால் 1786-இல் நிவாரணக் குழு ஒன்று அமைந்தது. 1823-ஆம் ஆண்டுச் சட்டமோ, கும்பினியின் ஆட்சிப் பகுதியிலேயே பிறந்தவராயினும் லஸ்கர்கள் பிரிட்டிஷ் மாலுமிகளாகக் கருதப்படார் என்றது. அவர்களுக்கென ஒரு விடுதி இலண்டனில் ஏற்பட்டது 1857-இல்தான்.

கப்பல்களும் நம் நாட்டிலிருந்து சென்றதுண்டு. பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலையாளத்துத் தேக்கினால் கட்டிய 'திருக்கோணமலை' என்னும் போர்க்கப்பல் 1817 அக்டோபர் 12-இல் நீரில் இறங்கிற்று. ஈழத்துத் திருக்கோணமலைக்கு அருகே 1782-இல் நிகழ்ந்த கடற்போரை நினைவூட்டும் பெயர் அது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்னும் ஊரில் இன்றும் அது நீரில் மிதந்து நிற்கிறது. கட்டுவித்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் பெயர் நமக்குத் தெரியும். மரத்தை இழைத்தவர், கயிற்றைத் திரித்தவர் பெயர்கள் தெரியா.

சென்னையிலிருந்து பம்பாய்க்கு

எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஜோசப் கான்ராடு பல்லாண்டு பாய்க்கப்பல்களில் உழைத்தவர். அவர் 1884-இல் 'ரிவர்ஸ்டேல்' என்னும் கப்பலில் அதிகாரியாகச் சென்னை வந்து சேர்ந்தார். கப்பல் தலைவரோடு மனம் ஒவ்வாமையால் அங்கேயே வேலையை விட்டார். பின்னர் இரயிலேறிப் பம்பாய் சென்று, 'நார்சிசஸ்' என்னும் கப்பலில் அமர்ந்தார். சென்னையில் வேலை இல்லாமற் போக, பம்பாய்க்கு இரயிலேறி வேலை தேடிக்கொண்ட கதை நம்மவர் பலர்க்குப் புதிதன்று! அப்பயணத்தின் நினைவிலிருந்து அவர் 1897-இல் ஒரு நாவல் படைத்தார். புயலில் கப்பலைக் காத்த பெயரற்ற மாலுமிகளே அதன் உண்மைத் தலைவர்கள் எனலாம்.

உச்சியிலிருந்து அடித்தளத்துக்கு

'கட்டி சார்க்' நீரில் இறங்கியதற்கு ஐந்து நாள் முன்னர்தான், 1869 நவம்பர் 17-இல், சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் அவ்வழியே குறுக்கே சென்றன. செங்கடலின் காற்று பாய்க்கப்பலுக்கு ஏற்றதன்று. அது ஆப்பிரிக்காவைச் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் தேயிலை வாணிகம் 'கட்டி சார்க்'கின் கையை விட்டுப் போயிற்று. பின்னர் ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றி, 1885-இல் சிட்னியிலிருந்து 73 நாளில் இங்கிலாந்து சேர்ந்து புகழ் பெற்றது. அப்புகழ் கப்பலுக்கும் உட்ஜெட் என்னும் தலைவருக்கும் சென்றது. அதற்காக ஹார்ன் முனையில் பாய் சுருட்டியவர்களை எவர் நினைத்தார்?

நீராவி வந்ததால் மாலுமியின் துன்பம் ஒழிந்ததா? ஒழியவில்லை, இடம் மாறிற்று. மரத்தின் உச்சியில் நின்றவர் இருந்த இடத்தில், கப்பலின் அடியில் கரி வாரிப் போடுபவர் தேவைப்பட்டார். 1914-ஆம் ஆண்டளவில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ 50,000 லஸ்கர்கள் பணிபுரிந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் கொதிகலன்களின் முன் வெந்தனர். பனியில் விறைத்த கைக்குப் பதிலாகத் தீயில் காய்ந்த கை, வேறுபாடு அவ்வளவே.

பாய்க்கப்பல்கள் உடனே மறைந்துவிடவில்லை. பின்லாந்தின் ஓலண்டுத் தீவைச் சேர்ந்த குஸ்தாவ் எரிக்சன் என்பவர், பிறர் கழித்த பெருங்கப்பல்களை மலிவாக வாங்கி, 1930-களிலும் ஆஸ்திரேலியக் கோதுமையை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். கூலியாட்களைக் குறைத்துப் பயிற்சி மாணவரைக் கொண்டு ஓட்டியதும் அவர் ஆதாயத்துக்கு ஒரு காரணம். அக்கூட்டத்தில் ஒன்றான 'பாமிர்' 1949-இல் சரக்குடன் ஹார்ன் முனையைச் சுற்றிற்று. வணிகப் பாய்க்கப்பல் ஒன்று அவ்வாறு சென்றது அதுவே கடைசி. அக்கப்பலே 1957 செப்டம்பர் 21-இல் அத்திலாந்திக்குக் கடலில் சூறாவளியில் மூழ்கிற்று. 86 பேரில் உயிர் தப்பியவர் அறுவர். மாண்டோருள் பலர் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள்.

இந்த மறைவுக் காலத்தில் தமிழர் செய்த ஓர் அருஞ்செயலையும் சொல்லாமல் விடலாகாது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' ஏறத்தாழ 90 அடி நீளமே உள்ள பாய்க்கப்பல். முன்மரத்தில் சதுரப் பாய் கட்டியது. அமெரிக்கர் ஒருவர் அதை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே சூயசு வழியாக அதைச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்சு மாநிலத்துக் குளொசெஸ்டர் துறையில் கொண்டு சேர்த்தனர். நம்மவரும் அந்தக் குறுக்குமரத்தில் ஏறி அத்திலாந்திக்கைக் கண்டவர்களே.

இன்று

மரமேறும் கலை முற்றும் அழிந்துவிடவில்லை. கோவாவில் கட்டப்பட்டு 1997-இல் நம் கடற்படையில் சேர்ந்த 'தரங்கிணி' மூன்று மரங்கள் உடைய பயிற்சிக் கப்பல். 2003–04-இல் உலகை வலம் வந்தது. அதில் பயிலும் இளைஞர்கள் இடுப்பில் பாதுகாப்பு வார் கட்டி ஏறுகின்றனர். வார் இருந்தும் இடர் முற்றும் நீங்கவில்லை என்பதற்கு, 2010-இல் செர்மானியப் பயிற்சிக் கப்பல் 'கோர்க் போக்'கில் மரத்திலிருந்து விழுந்து மாணவி ஒருவர் இறந்ததே சான்று. அந்த ஓர் இறப்புக்காக அந்நாட்டுப் பாராளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. முன்னாளில் அத்தகைய இறப்புக்கு ஏலம் ஒன்றே பதிலாயிருந்தது. மனித இனம் முன்னேறியிருக்கிறது என்றால், முன்னேறியது இந்த ஒன்றில்தான்.

'கட்டி சார்க்' இன்று கிரீனிச்சில் கரையேற்றி நிறுத்தப்பட்டுக் காட்சிப் பொருளாக உள்ளது. காண்போர் அதன் மரங்களை அண்ணாந்து வியக்கின்றனர். வியக்கத்தக்கது மரம் அன்று. அதில் ஏறிய கை. தனக்கென்று ஒரு கையை வைத்துக்கொள் என்று சொன்ன உலகமே அந்தக் கையையும் கேட்டு வாங்கிக்கொண்டது. ஊர்விட்டு வந்து உழைத்து வாழும் நாம் இதை அறிவோம். நம்மிடம் வேலை செய்வோர்க்கும், நமக்காக உயரத்தில் நின்று சாரம் கட்டுவோர்க்கும், வண்ணம் பூசுவோர்க்கும், கம்பி இழுப்போர்க்கும் அவர்களுடைய ஒரு கையை அவர்களுக்கே விட்டுவைப்போமாக. பாய்மரத்தில் ஏறி மறைந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய நினைவுக் கடன் அதுவே.